கேட்காமல் விட்டது

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில், லூர்துசாமி வீட்டு ஜன்னல்கள் இரண்டு வருஷமாகச் சாத்தியே கிடந்தன. கொசுவுக்குப் பயந்து சாத்தி வைத்திருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டார்கள். லூர்துசாமி பயந்தது தூசிக்கு. முன்னறையில் மேசைமேல் ரெக்கார்டு பிளேயர் இருந்தது. பக்கத்து அலமாரியில் நூற்றுச் சொச்சம் இசைத்தட்டுகள் புத்தகம்போல நின்றன. அந்த அறையை விளக்குமாறு போட்டுப் பெருக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைக்கலாம், அவ்வளவுதான். மீன் வறுத்தால் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வறுக்க வேண்டும். எண்ணெய்ப் புகை தட்டில் படிந்தால் தூசி ஒட்டிக்கொள்ளுமாம். அவர் மனைவி மங்கலம் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டாள். கடைசியில் அந்த அறைக்குள் போவதையே விட்டுவிட்டாள். அங்கன்வாடியிலிருந்து நாலு மணிக்கு வந்தால் பின்கட்டு வழியாகவே உள்ளே வருவாள்.

லூர்துசாமி குடிகாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் கம்ப்ரஸர் ஆபரேட்டராக இருந்தவர். காற்றை அழுத்திக் குழாய்களில் அனுப்பும் நான்கு பெரிய மிஷின்கள் ஒரு தகரக் கொட்டகைக்குள் மூன்று ஷிப்டும் ஓடும். உள்ளே பேச்சு கிடையாது, சைகைதான். மிஷினுக்கு என்ன கோளாறு என்பதை லூர்துசாமி மீட்டரைப் பார்த்துச் சொல்லமாட்டார். நீள ஸ்குரு டிரைவரின் நுனியை மிஷின் உடம்பில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "ரெண்டாவது ஸ்டேஜ் வால்வு தகடு ஒடையப் போவுது" என்பார். ஃபிட்டர் தங்கராசு பிரித்துப் பார்த்தால் தகட்டில் மயிரிழை மாதிரி விரிசல் ஓடியிருக்கும்.

"அது காதில்லடா, எக்ஸ்ரே மிஷினு" என்று தங்கராசு கேன்டீன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார்.

தங்கராசுக்குச் சொந்த ஊர் கீரப்பாளையம். கடலூரில் வாடகை வீடு எடுத்திருந்தார். மங்கலத்தை முதல் நாளே தங்கச்சி என்று கூப்பிட்டதால் லூர்துசாமி அவருக்கு மச்சானாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறி, ரோட்டோரம் சாக்கு விரித்துப் பழைய சாமான் விற்பவர்களிடம் குந்தி உட்கார்ந்து இசைத்தட்டு பொறுக்குவார்கள். அப்படிக் கிடைத்ததுதான் ஒரு நாதஸ்வரத் தட்டு. ஒரு பக்கம் முழுக்கத் தோடி. காற்று மிஷினோடு வாழ்ந்த லூர்துசாமிக்குக் காற்றாலேயே ஆன அந்த வாத்தியம் உயிருக்கு உயிராகப் போய்விட்டது. மற்ற தட்டுகளை யார் கேட்டாலும் கொடுப்பார். அதைக் கொடுக்கமாட்டார்.

2006இல் கம்பெனியில் ஆள் குறைத்தபோது இருவரும் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். தங்கராசு நிலத்தைப் பார்க்க ஊருக்கே போய்விட்டார். மறுவருஷம் மாசி மாதம் திடீரென்று வந்து நின்றார். அவருடைய அண்ணன் பழனிவேல் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

"அண்ணனுக்கு நாதஸ்வரம்னா உசுருடா. வாய் பேச வரல, காது மட்டும் நல்லா கேக்குது. அந்தத் தோடியக் குடு மச்சான், ஒரு வாரத்துல கொண்டாந்துடறேன்."

லூர்துசாமி கொடுத்தார். மூன்றாம் நாள் பழனிவேல் செத்துப்போனார். சாவுக்கும் கருமாதிக்கும் லூர்துசாமியும் மங்கலமும் போய் வந்தார்கள். கருமாதியன்று தங்கராசு தட்டைத் துண்டில் சுற்றி மங்கலத்தின் கையில் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைத்தார் லூர்துசாமி. நாதஸ்வரத்துக்கு அடியில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. வாஷர் போன குழாயில் காற்று கசிவது மாதிரி. முதலிலிருந்து கடைசிவரை விடவே இல்லை.

"இங்க வா. கேளு. கெடுத்துட்டானுவோ."

மங்கலம் கைவேலையை விட்டு வந்து நின்று கேட்டாள். "எனக்கு நல்லாத்தான் கேக்குது."

"ஒனக்கு என்னா தெரியும்" என்றார்.

தேய்ந்த முள்ளைப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள், சாவு வீட்டுக் கூட்டத்தில் எவனோ தொட்டிருக்கிறான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பத்து நாள் கழித்து ராஜாமணி என்கிற பழைய சூப்பர்வைசருக்கு குடிகாட்டில் ஒரு மண்டபத்தில் பிரிவு உபசாரம் நடந்தது. பழைய ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பந்தியில் தங்கராசு எதிரில் உட்கார்ந்து, "என்னா மச்சான், மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டார்.

"பொருளோட அரும தெரியாதவங்கிட்ட குடுத்தது என் தப்பு" என்று இலையைப் பார்த்தபடி சொன்னார் லூர்துசாமி. மிஷின் கொட்டகையில் வேலை பார்த்தவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. வரிசை முழுக்கக் கேட்டது. "இருவது வருஷமா கண்ணு மாதிரி வெச்சிருந்தேன். வாங்கிட்டுப் போயி வீணாக்கிட்டு, துண்டுல சுத்திக் குடுத்தா தெரியாதுன்னு நெனச்சியா?"

தங்கராசு என்னவோ சொல்ல வாயெடுத்தார். "பேசாத. எங் காதுக்குத் தெரியும்" என்றார் லூர்துசாமி. யாரோ ஒருவர், "லூர்து காது தப்பாதுப்பா" என்று சிரித்தார். தங்கராசு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனார். இலையில் சோறு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

அடுத்த மாதமே மற்ற தட்டுகளிலும் அந்த 'ஸ்ஸ்' வந்துவிட்டது. லூர்துசாமிக்கு இது வேறொரு மிஷின் கோளாறு மாதிரி ஆகிவிட்டது. கண்டுபிடித்தே தீரவேண்டும் என்று இறங்கினார். ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகப் பிரித்தார். சடசடவென்று பொரிவது தூசி. ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'டொக்' என்றால் கீறல். அடியில் 'உம்ம்' என்று உறுமுவது எர்த் சரியில்லாதது. பேட்டரிக் கடையிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வந்து இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, பழைய வேட்டித் துணியால் வரி போகிற திசையிலேயே துடைத்தார். பிளேயரிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக் குழாயடியில் பூமிக்குள் புதைத்தார். உறுமல் நின்றது. பங்குனி வெயிலில் பாலிதீன் உறையிலிருந்து தட்டை உருவினால் கை மயிர் சிலிர்த்துக்கொண்டு எழும், விரல் பட்டால் 'சடக்' என்று பொறி தட்டும். அதற்கு அறைக்குள் கொடி கட்டி ஈர வேட்டியைத் தொங்கவிட்டார். பொறியும் நின்றது. தட்டின்மேல் ஃபெவிகால் ஊற்றிப் பழைய போஸ்ட் கார்டால் பரப்பி, மறுநாள் காய்ந்ததும் பாம்புச் சட்டை மாதிரி முழுசாக உரித்தெடுத்தார். வரிகளில் இருந்த அழுக்கெல்லாம் அந்தச் சட்டையோடு வந்துவிட்டது. சடசடப்பும் போய்விட்டது. புது முள் இரண்டு முறை மாற்றினார்.

'ஸ்ஸ்' மட்டும் போகவே இல்லை.

நெய்வேலியில் கட்டிக் கொடுத்திருந்த மகள் வெண்மதி போன் செய்தால், "அப்பா கிட்ட குடும்மா" என்பாள். மங்கலம் கொண்டுபோய்க் கொடுப்பாள். "ம், ம், சரி" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "அப்பாவுக்கு எம்மேல கோவமா?" என்று அவள் கேட்பாள். "அவுருக்கு ரெக்கார்டு மேலதான் கோவம்" என்பாள் மங்கலம். கல்யாணம் காட்சிக்கும் அவர் போவதில்லை. கூட்டத்தில் எவனும் ஒழுங்காகப் பேசுவதில்லை, வாய்க்குள்ளேயே முனகுகிறார்கள் என்று அலுத்துக்கொள்வார். சாப்பிடும்போது மங்கலம் ஏதாவது சொன்னால் நிமிராமல் சாப்பிடுவார். சொல்லிப் பார்த்துவிட்டு அவளும் சொல்லாமலாகிவிட்டாள். நண்டுக் குழம்பு வைத்த அன்றைக்கும் கருவாட்டுக் குழம்பு வைத்த அன்றைக்கும் அந்த வீட்டில் ஒரே மாதிரிதான் இருந்தது.

2009 முடியப்போகிற சமயம் அது. தினமும் இரண்டு மணி நேரம் கரண்டு கட் என்று ஆகியிருந்தது. அந்த நேரம் வருவதற்குள் லூர்துசாமி பிளேயரை நிறுத்திவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து தட்டை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். நேரம் தப்பி பதினோரு மணிக்கே கரண்டு போய்விட்டது. நாதஸ்வரம் கீழே கீழே இறங்கி, ஒரு மாடு கத்துவதுபோல இழுத்து நின்றது. தலைக்கு மேல் ஃபேன் நின்றது. பக்கத்து வீட்டு டிவி நின்றது. தெருவே அடங்கிவிட்டது.

'ஸ்ஸ்ஸ்' நிற்கவில்லை.

அவர் முள்ளைத் தூக்கி வைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். ஸ்பீக்கர்மேல் காதை வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். சத்தம் இன்னும் பெரிசாயிற்று.

"மங்கலம்!"

அவள் வெங்காயம் உரித்த கையோடு வந்து வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"என்னா கேக்குது ஒனக்கு?"

"ஒன்னும் கேக்கலையே. கரண்டுதான் போயிடுச்சே."

"ஸ்ஸுன்னு... கடல் சத்தங்கூடமா கேக்கல?"

"கடலா? கடலு எங்க கெடக்குது, நம்ம வூடு எங்க கெடக்குது? இங்க என்னிக்கிங்க கடல் சத்தம் கேட்டுது?"

"நான் தெனம் படுத்தா கேக்குறேனே" என்றார் லூர்துசாமி.

மங்கலம் அவர் முகத்தைப் பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பொங்கல் கழிந்த வாரம் சிதம்பரம் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காது பார்க்கிற இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடி அறை இருந்தது. உள்ளே உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். "சத்தம் கேக்குறப்பல்லாம் அமுக்குங்க ஐயா" என்றாள் பரிசோதிக்கிற பெண். லூர்துசாமி முதுகை நிமிர்த்தி, மிஷின் முன்னால் நிற்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு மூன்று சத்தம் வந்தது, அமுக்கினார். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. காத்திருந்தார். மிஷின் கெட்டுவிட்டதோ என்று கண்ணைத் திறந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் குமிழைத் திருகித் திருகி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மங்கலம் அவள் பின்னால் நின்றிருந்தாள்.

"எத்தினி வருஷம் மிஷின்ல இருந்தீங்க?"

"இருவத்திரெண்டு."

"காதுக்கு ஒன்னும் மாட்டிக்கலையா?"

"குடுத்தாங்க. மாட்டிக்கிட்டா மிஷின் சத்தம் மாறுறது தெரியாதும்மா. நான் காதாலதான் வேலை பாத்தேன்."

அவள் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினாள். உள்ளே நரம்பு செத்துவிட்டது, ஊசி மாதிரி மெல்லிசான சத்தம் எதுவும் இனிமேல் கேட்காது, இடதைவிட வலது காது கொஞ்சம் தேவலை என்றாள். "இந்த ஸ்ஸுங்கிறது வெளிய இல்லீங்கய்யா. காது குடுக்காதத மூள தானா உண்டாக்கிக்குது. காதுல மெஷின் வெச்சா பேச்சு நல்லா கேக்கும். இந்தச் சத்தம் முழுசாப் போவாது. பழகிக்கணும்."

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். கடலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. மங்கலம் அதைத் தாண்டி நடந்து, புவனகிரி பஸ்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எங்க?"

"கீரப்பாளையம். இவ்ளோ தூரம் வந்துட்டோம், அர மணி நேரந்தான்."

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போறது?"

"இந்த மூஞ்சியத்தான். வேற மூஞ்சி இருக்குதா ஒங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் ஏறிவிட்டாள்.

தங்கராசு வீட்டில் அவர் மனைவி விருத்தாம்பாள் மட்டும் இருந்தாள். அடுப்பில் பெரிய குண்டான் கொதித்துக்கொண்டிருந்தது. இவர்களைப் பார்த்ததும் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு, "வாங்கண்ணே, வா மங்கலம்" என்றாள். "அவரு கொல்லியில இருக்காரு. அறுப்பு மிஷினு வந்திருக்குது. இன்னிக்கு வுட்டா இனி எட்டு நாளைக்கு வராது. நவுர முடியாது."

வயலில் அறுப்பு மிஷின் இரும்புப் பட்டையில் ஊர்ந்து சம்பாவை அள்ளித் தின்றுகொண்டு வந்தது. வைக்கோல் தூசி ஆள் உயரத்துக்கு எழும்பிப் படர்ந்தது. வரப்போரம் நாலைந்து பெண்கள் சிதறிய கதிரைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய தங்கராசு மேட்டில் நின்றிருந்தார். தாடி நரைத்திருந்தது. லூர்துசாமி பக்கத்தில் போய் நின்றபோது திரும்பிப் பார்த்தார்.

"வாங்க" என்றார்.

அவர் வாயசைவு லூர்துசாமிக்குப் புரிந்தது. இருபது வருஷத்தில் தங்கராசு அவரை ஒரு தடவையும் வாங்க என்று சொன்னதில்லை.

"ரெக்கார்டு நல்லாத்தான் இருக்குது" என்றார் லூர்துசாமி. "ரெக்கார்டுல ஒன்னுமில்ல. எங் காதுதான் போயிடுச்சி. இப்பத்தான் சிதம்பரத்துல சொன்னாங்க."

தங்கராசு அவரையே பார்த்தார். என்னவோ சொன்னார். மிஷின் கிட்டே வந்துவிட்டிருந்தது.

"கேக்கல. சத்தமா சொல்லு."

திரும்பவும் சொன்னார்.

"கேக்கலடா."

தங்கராசு இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து அவர் காதோரம் வந்து கத்தினார். "நான் அதப் போடவே இல்லடா!"

கதிர் பொறுக்கின பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"என்னாது?"

"போடவே இல்ல! எடுத்தாந்த அன்னிக்கு சாயங்காலமே அண்ணனுக்கு நெனவு தப்பிடுச்சி. ஒறைய வுட்டு வெளிய எடுக்கல. சுத்துன துண்டு சுத்துன மேனிக்கு இருந்திச்சி. அப்பிடியேதான் தங்கச்சி கையில குடுத்தேன்!"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க சொல்ல வுட்ட? ஒங் காது தப்பாதுன்னு நானே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவன். நான் போடலன்னா வூட்ல வேற யாரோ போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். ஒன்ன நம்புனேன்டா! வந்து எல்லாரையும் நிக்க வெச்சிக் கேட்டேன். அண்ணன் மொவ பவானி, அப்பன் செத்து மாசம் ஆவல, அதுகிட்டப் போயி நீதான தொட்டன்னு கேட்டேன். இல்லன்னுச்சி. பொய் சொல்றியான்னு கைய ஓங்கிட்டேன். கோயில்ல போயி சூடம் அணைச்சி சத்தியம் பண்ணுச்சி அந்தப் புள்ள."

தங்கராசுவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை ஊர் கேட்கக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மிஷின் நெல்லைக் கொட்ட வரப்போரம் போய் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

"போட்டியாடான்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?"

அந்த ஒரு வரி மட்டும் வயல் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. பெண்கள் கையில் கதிரோடு நின்றார்கள்.

"கேக்கல" என்றார் லூர்துசாமி.

தங்கராசு தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு டிரைவரைப் பார்த்து, "அந்த மூலையில சாஞ்சிருக்குது பாரு, பாத்து வுடு" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

சாப்பாடு வயலுக்கே வந்தது. சோறும் விரால் மீன் குழம்பும். விருத்தாம்பாள் எல்லோருக்கும் இலை போட்டாள். தங்கராசு வந்து லூர்துசாமிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்.  குனிந்து சாப்பிட்டார்.

"பவானி எங்க?" என்று கேட்டார் லூர்துசாமி.

விருத்தாம்பாள்தான் அவர் பக்கம் குனிந்து சொன்னாள். "கட்டிக் குடுத்தாச்சிண்ணே, போன வைகாசியில. எங்கிட்ட பேசும். இவருகிட்ட பேசாது. கல்யாணத்துல கால்ல வுழுந்துச்சி, மூஞ்சிய ஏறெடுத்துப் பாக்கல. இவரும் அதப் பத்தி வாயத் தொறக்கறதில்ல."

"நான் போயி அதுகிட்ட சொல்றேன்" என்றார் லூர்துசாமி. தங்கராசு மீன் முள்ளை இலையோரம் ஒதுக்கினார்.

சாயங்காலம் அவரே டிவிஎஸ் ஃபிப்டியில் முதலில் மங்கலத்தையும், திரும்பி வந்து லூர்துசாமியையும் ரோட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். சிதம்பரம் பஸ் வந்து நின்று உறுமியது. லூர்துசாமி படியில் கால் வைக்கும்போது தங்கராசு என்னவோ சொன்னார். இடது காதுப் பக்கம். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

சிதம்பரத்தில் மாறி, கடலூர் பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"ஏறுறப்ப என்னா சொன்னான்?"

"வடலூரு, ரயிலடிக்குப் பின்னாடி ரெண்டாவது தெருன்னாரு. பவானி வூடு."

"என்னிய வரச் சொல்லலையா? இன்னொரு நாளைக்கு வான்னு..."

மங்கலம் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. "சொல்லல" என்றாள்.

லூர்துசாமி தலையை ஆட்டிக்கொண்டார். காதுக்குள் 'ஸ்ஸ்' ஓடிக்கொண்டிருந்தது. வெளியே புறவழிச் சாலையில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

"நாளைக்கே வடலூரு போறேன்."

"நானும் வரேன். அந்தப் புள்ள ஒன்னு சொல்லும், நீங்க ஒன்னு கேட்டுக்கிட்டு வருவீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வரும்போதே போய்விட்டது. எழுந்து, ஜன்னலோரம் இருந்த அவளை இந்தப் பக்கம் மாறி உட்காரச் சொன்னார். இப்போது வலது காது அவள் பக்கம் வந்தது.

"நீ என்னாத்தையாச்சும் எங்கிட்ட சொல்லி நான் கேக்காம இருந்திருக்கேனா?"

"நெறைய" என்றாள் மங்கலம்.

"என்னா?"

 முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எங்கக்கா லோகநாயகி ஆடி மாசம் வந்து ரெண்டு நாள் இருந்தாளே, எதுக்கு வந்தா தெரியுமா?"

"சும்மா வந்தான்னு நெனச்சேன்."

"அவளுக்கு மாருல கட்டி. யாருகிட்டயும் சொல்லாம எங்கிட்ட வந்து சொல்லி அழுதா. அன்னிக்கு நீங்க சோறு துன்னுக்கிட்டு இருந்தீங்க, நான் ஒங்ககிட்ட சொன்னேன். ம்னீங்க. அப்பறம் நான் மட்டும் அவள ஜிப்மருக்குக் கூட்டிட்டுப் போயி..."

பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. இரும்பெல்லாம் ஒன்றாக அதிர ஆரம்பித்தது. பேசிப் பயனில்லை என்று மங்கலம் நிறுத்திக்கொண்டாள்.

"நிறுத்தாத" என்றார் லூர்துசாமி. காதை அவள் வாயருகே கொண்டுவந்தார். "சொல்லு. கேக்காததத் திருப்பிக் கேக்குறேன்."